"என் கையில் காசு தங்காது": பணம் பற்றிய நம்பிக்கைகள், அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு வங்கிக் கிளையில் 22 ஆண்டுகள் வேலை பார்த்தேன். அதில் பாதிக்கு மேல் நகைக்கடன் மேசையில். ஓய்வுபெற்ற பிறகு மகளிர் குழுக்களுக்குக் கணக்கு எழுதச் சொல்லிக்கொடுக்கப் போகிறேன். அன்று மேசைக்கு அந்தப் பக்கம் நின்றவர்களும் சரி, இன்று பாயில் வட்டமாக உட்காருகிறவர்களும் சரி, கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். பேச்சு வட்டியில் தொடங்கும், சிறிது நேரத்தில் "எங்கப்பா அப்பவே சொன்னாரு" என்பதில் போய் நிற்கும்.

கேட்டவர்களின் வார்த்தையிலேயே அவற்றை இங்கே எழுதியிருக்கிறேன். எந்தப் பங்கை வாங்கலாம் என்று இதில் தேட வேண்டாம், எனக்குத் தெரியாது.

"பணம்னா பணந்தானே மேடம்? இதுல நம்பிக்கை எங்கேர்ந்து வந்துச்சு?"

இரண்டு பெண்கள். இருவருக்கும் ஒரே அவசரம், இருவர் கையிலும் மூன்று பவுன் சங்கிலி. ஒருத்தி நேராக வங்கிக்கு வந்து 50,000 ரூபாய் வாங்கிப் போகிறாள். இன்னொருத்திக்கு, நகையை அடகு வைப்பதை நாலு பேர் பார்த்தால் மானம் போய்விடும் என்று நினைப்பு. பின்தெருவில் இருக்கும் அடகுக்கடைக்குப் போகிறாள். வங்கியில் ஆண்டுக்கு 10 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் வட்டி 5,000. கடையில் மாதம் நூற்றுக்கு இரண்டு ரூபாய் என்றால் 12,000. நகை ஒன்று, தேவை ஒன்று, கூடுதலாகப் போனது 7,000 ரூபாய். அதை வட்டிக் கணக்கில் எழுதுவதா, மானக் கணக்கில் எழுதுவதா என்று நீங்களே சொல்லுங்கள்.

இப்படி மனதில் உட்கார்ந்திருக்கும் நினைப்புகள் காற்றில் வந்தவை அல்ல. ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் எப்போதோ பட்ட பாட்டிலிருந்து வந்தது. அது யார் பட்ட பாடு, எந்தக் காலத்துப் பாடு என்று கேட்டுப்பார்ப்பதுதான் இந்தப் பதில்கள் எல்லாவற்றிலும் நான் செய்வது.

"என் கையில காசு தங்காது. ராசியே அப்படி. என்ன பண்றது?"

ஒரு மாதம் எழுதிப் பாருங்கள். டீ முதல் கோயில் உண்டியல் வரை எல்லாவற்றையும். இதைச் சொன்ன ஒரு குழு உறுப்பினரின் நோட்டைச் சேர்ந்து பார்த்தோம். வாரம் மூன்று இடத்துக்குத் தவணை போய்க்கொண்டிருந்தது. அதில் ஒன்று பழுதாகி மூலையில் கிடக்கும் மிக்சிக்கு. ராசிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

ராசி என்று சொல்வதில் ஒரு சௌகரியம் இருக்கிறது, யாரையும் குறை சொல்ல வேண்டாம். ஆனால் "எப்படியும் தங்கப் போறதில்ல" என்று நினைப்பவர் கையில் வந்த அன்றே செலவழிக்கிறார், அப்புறம் அதையே ராசிக்குச் சாட்சியாகக் காட்டுகிறார். இவர்களிடம் மனதை மாற்றச் சொல்லி நேரத்தை வீணாக்க மாட்டேன். பணம் கைக்கு வருவதற்கு முன்பே ஒரு பகுதி வேறு இடத்துக்குப் போகும்படி செய்துவிட வேண்டும். அஞ்சலகத் தொடர் வைப்பு மாதம் 100 ரூபாயிலிருந்து போடலாம், ஐந்து ஆண்டுக் கணக்கு. சம்பளம் ஏறும் மறுநாளே அதற்குப் பணம் போகட்டும். கைக்கே வராத காசு தங்குமா தங்காதா என்ற கேள்வி எழாது.

"சம்பளமே பதினெட்டாயிரம். வாடகை போக என்ன நிக்கும்? இதுல நம்பிக்கையாவது ஒண்ணாவது."

சரியான கேள்வி. குறைந்த கூலிக்கு மனப்போக்குதான் காரணம் என்று மேடை போட்டுப் பேசுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. பற்றாக்குறை வேறு, தப்பான நினைப்பு வேறு. முதலாவதே பல நேரம் இரண்டாவதைப் போலத் தெரிகிறது.

நம்ம ஊர்க்காரர்களை வைத்தே இதைச் சோதித்திருக்கிறார்கள். ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன் உள்ளிட்ட நான்கு ஆய்வாளர்கள் விழுப்புரம், திருவண்ணாமலை வட்டாரத்தில் 464 கரும்பு விவசாயிகளைத் தேடிப் போனார்கள். கரும்பு வெட்டுக்கு முன், கையில் காசு இல்லாத காலத்தில் ஒருமுறையும் பணம் வந்த பிறகு ஒருமுறையும் அதே ஆட்களிடம் புதிர்களைக் கொடுத்தார்கள். வெட்டுக்கு முன் மதிப்பெண் குறைவாக வந்தது. முடிவு 2013இல் சயின்ஸ் இதழில் வெளியானது. ஆள் மாறவில்லை, நெருக்கடி புத்தியில் ஒரு பங்கைத் தின்றுவிடுகிறது.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது: கை வறண்ட வாரத்தில் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள். சீட்டில் சேருவதா, தவணையில் வண்டி எடுப்பதா என்பதையெல்லாம் சம்பளம் வந்த வாரத்தில் பேசுங்கள். அப்புறம், சேமிப்புக்கு முன்னால் ஒன்று. வங்கிக் கணக்கிலிருந்து ஆண்டுக்கு 20 ரூபாயில் பிரதமர் விபத்துக் காப்பீடும், 436 ரூபாயில் 2 லட்சத்துக்கான ஆயுள் காப்பீடும் எடுக்கலாம். ஆயுள் காப்பீட்டில் 50 வயதுக்குள் சேர வேண்டும். பதினெட்டாயிரம் சம்பாதிப்பவர் வீட்டில் ஒரு சாவு எத்தனை ஆண்டுக் கடனாக மாறுகிறது என்று மேசையில் இருந்து பார்த்தவள் சொல்கிறேன்.

"ரெண்டு வட்டி, மூணு வட்டி கம்மிதானே? பேங்க்ல பத்து சதவீதம்ல கேக்கறாங்க?"

சிரிக்காதீர்கள், படித்தவர்களும் கேட்டிருக்கிறார்கள். "இரண்டு வட்டி" என்பது மாதத்துக்கு நூற்றுக்கு இரண்டு ரூபாய், ஆண்டுக்கு 24. மூன்று வட்டி 36. வங்கி சொல்லும் பத்து ஆண்டுக்கானது. இரண்டு என்ற சொல் பத்து என்ற சொல்லைவிடச் சின்னதாகக் காதில் விழுகிறது, அவ்வளவுதான்.

தண்டல் இன்னும் கெட்டி. 10,000 என்று பேசி, 1,500 பிடித்துக்கொண்டு 8,500 தருவார்கள். தினம் 100 வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். "பதினைஞ்சு பர்சென்ட்தானே" என்பார்கள். ஆனால் முதல் நாளிலிருந்தே அசல் குறைந்துகொண்டு வருகிறதே! அதையும் சேர்த்துப் போட்டால் ஆண்டுக்கு 120 சதவீதம் வாக்கில் வரும். கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் எல்லாவற்றையும் 2003இல் வந்த தமிழ்நாட்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. தடை செய்த பிறகும் காலை ஏழு மணிக்கு வசூல் வண்டி வருகிறது என்பது வேறு விஷயம். வாசலுக்கு வந்து கொடுத்து, வாசலுக்கு வந்து வாங்குபவரை "ஆபத்துக்கு உதவுகிறவர்" என்று நம்புகிறோம். வங்கியில் நாங்கள் தாள் கேட்டு நான்கு முறை அலைய விட்டதும் அந்த நம்பிக்கைக்கு உரம் போட்டது. அதில் எங்கள் பங்கும் உண்டு.

"தங்கம் இருந்தா போதும், வேற எதுவுமே வேண்டாம்னு அம்மா சொல்றாங்க. சரியா?"

அம்மா காலத்துக்கு அது முழுக்கச் சரி. தமிழ்நாட்டில் இந்துக் குடும்பங்களில் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போலப் பிறப்புரிமை என்று சட்டம் வந்தது 1989இல். இந்தியா முழுவதற்கும் 2005இல்தான். அதற்கு முன் நிலம் அண்ணன் தம்பிக்கு, கழுத்தில் போட்டதுதான் பெண்ணுக்கு. புருஷன் வீட்டில் ஏதாவது ஆனால் கையோடு எடுத்துக்கொண்டு வரக்கூடிய ஒரே சொத்து. இந்த நம்பிக்கையைப் பைத்தியக்காரத்தனம் என்று பேசும் ஆண்களிடம், உங்கள் அக்கா பங்கை எழுதிக் கொடுத்துவிட்டீர்களா என்று கேட்பேன். பேச்சு அத்தோடு நின்றுவிடும்.

மீதிப் பாதிக்கு வருவோம். நகையாக வாங்கினால் செய்கூலி, சேதாரம், 3 சதவீத ஜிஎஸ்டி எல்லாம் உண்டு, விற்கும்போது அவை திரும்பி வருவதில்லை. தங்கம் ஏறிக்கொண்டே போகும் என்பதும் எப்போதும் நடந்ததில்லை. 2012இல் இருந்த விலைக்குப் பக்கத்தில்தான் 2018இலும் நின்றது, நடுவில் இறங்கவும் செய்தது. அந்த ஆறு ஆண்டில் மகள் கல்யாணம் வைத்திருந்தவர்களைக் கேளுங்கள்.

ஆனால் நான் பார்த்த பெரிய நஷ்டம் விலையால் வந்ததல்ல. "தங்கத்தை விற்கக் கூடாது" என்ற நினைப்பால் வந்தது. ஒரு அம்மா ஏழு ஆண்டுகள் ஒரே சங்கிலியைத் திருப்பித் திருப்பி வைத்தார். ஆண்டுதோறும் வட்டி கட்டி மறு அடகு. பத்து சதவீதம் என்றே வையுங்கள், கடனில் 70 சதவீதம் வட்டியாகப் போனது, அசல் அப்படியே நின்றது. சங்கிலியை அவர் கழுத்தில் போட்டுப் பார்த்ததே இல்லை. முதல் ஆண்டே விற்றிருக்கலாம் என்று சொன்னபோது, "வித்துட்டா போயிடும்லம்மா" என்றார். இரண்டு ஆண்டில் மீட்க முடியாது என்று தெரிந்தால் விற்றுக் கடனை முடித்துவிட்டு, மிச்சத்தில் சின்னதாக ஒன்று வாங்குங்கள். இது என் கருத்து, ஒப்புக்கொள்ளாதவர்கள் என் வீட்டிலேயே இருக்கிறார்கள்.

"கடனே வாங்கக் கூடாதுன்னு எங்கப்பா வளர்த்தாரு. அது நல்ல பழக்கம்தானே?"

நல்ல பழக்கம், ஒரு எல்லை வரை. மீட்டர் வட்டியில் நிலத்தை இழந்த குடும்பத்தில் பிறந்தவருக்குக் கடன் என்றாலே அதுதான் கண்ணில் நிற்கும். பயம் நியாயமானது. ஆனால் அந்தப் பயம் எல்லாக் கடனையும் ஒரே தட்டில் வைத்துவிடுகிறது.

ஒரு தகப்பனார் மகனின் படிப்புக்குக் கால் காணி விற்றார். அதே ஆண்டு எங்கள் கிளையில் கல்விக் கடன் கொடுத்துக்கொண்டிருந்தோம், 4 லட்சம் வரை அடமானம் கிடையாது. கேட்கக் கூச்சம். இப்படியே இருந்தால் கடன் வரலாறும் இருக்காது. 300 முதல் 900 வரை போடும் சிபில் மதிப்பெண்ணில் நல்லவர் கெட்டவர் என்பதில்லை, முன்பு வாங்கி ஒழுங்காகக் கட்டியவரா என்பதுதான். கடனே வாங்காத உத்தமரைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. பிறகு ஒரு நாள் ஆஸ்பத்திரி அவசரம் வரும்போது வங்கி யோசிக்கும், மேலே சொன்ன வசூல் வண்டி யோசிக்காது.

"வீட்டுக்காரருக்குத் தெரியாம கொஞ்சம் சேர்த்து வைக்கிறேன்க்கா. தப்பா?"

தப்பில்லை. இதற்குச் சிறுவாடு என்று பெயரே இருக்கிறது. ஒரு பழக்கத்துக்குத் தனிச்சொல் இருந்தால் எத்தனை வீட்டில் எத்தனை தலைமுறை அது நடந்திருக்கும் என்று யோசியுங்கள். குடிக்குப் போகாமல் காப்பாற்றிய பணம், பிள்ளைக்குப் பரீட்சைக் கட்டணம் கட்டிய பணம் அது.

ஆனால் அரிசிப் பானை வேண்டாம். 2016 நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாது என்று அறிவித்த மறுவாரம், எங்கள் வங்கி வரிசையில் நின்ற பெண்கள் முகம் இன்னும் நினைவிருக்கிறது. பணம் போய்விடுமோ என்ற பயத்தைவிட, எங்கிருந்து வந்தது என்று வீட்டில் கேட்பார்களே என்ற பயம். உங்கள் பெயரில் மட்டும் ஒரு கணக்கு, குறுஞ்செய்தி உங்கள் எண்ணுக்கே வரும்படி. நாமினியாக யாரைப் போடுவது என்பதையும் யோசித்துப் போடுங்கள். இல்லாவிட்டால் உங்களுக்குப் பின் அப்படி ஒரு பணம் இருந்ததே யாருக்கும் தெரியாது.

"மொய், சீர் செய்யலைன்னா ஊர் என்ன சொல்லும்?"

இரண்டையும் பிரிக்க வேண்டும். மொய் வெறும் கௌரவம் இல்லை. பேராவூரணி, கீரமங்கலம் பக்கம் ஆடி மாதத்தில் மொய் விருந்து நடக்கும். பத்திரிகை அடித்து, கறிச்சோறு போட்டு, நோட்டுப் போட்டு வரவு எழுதுவார்கள். வட்டியில்லாமல் ஒரே நாளில் பெரிய தொகை கைக்கு வரும். அதில் கிணறு வெட்டியவர்கள், கடை போட்டவர்கள் உண்டு. "செய்தால் திரும்பி வரும்" என்ற நம்பிக்கையே அங்கே வங்கி. அதன் பலவீனம் 2018 நவம்பரில் கஜா புயலில் தெரிந்தது. தென்னை விழுந்தபோது எல்லாருக்கும் ஒரே நேரத்தில் விழுந்தது. வாங்கியவருக்கும் இல்லை, திருப்பிச் செய்ய வேண்டியவருக்கும் இல்லை. ஆகவே மொய் வாங்கினால் உங்கள் நோட்டில் கடன் பக்கத்தில் எழுதுங்கள், வருமானப் பக்கத்தில் வேண்டாம்.

சீர் திரும்பி வராது. எவ்வளவு செய்வது என்பதை ரூபாயில் பேசாமல், எத்தனை மாதச் சம்பளம் என்று பேசிப்பாருங்கள். "ஒரு லட்ச ரூபாய்ச் சீர்" என்றால் பெருமையாக இருக்கும். பதினெட்டாயிரம் சம்பளக்காரர் "அஞ்சரை மாசம் நான் டியூட்டி பார்த்த காசு" என்றால் வீட்டில் கொஞ்ச நேரம் அமைதி வரும்.

"சீட்டு நடத்துறவர் நம்ம சொந்தக்காரர். நம்பலாம்ல?"

அவரை நம்புங்கள், சீட்டுக்குப் பதிவு இருக்கிறதா என்றும் கேளுங்கள். இரண்டும் வேறு வேறு. 1982ஆம் ஆண்டு சிட்பண்ட் சட்டப்படி சீட்டு நடத்துபவர் பதிவாளரிடம் பதிய வேண்டும். அவருடைய கமிஷனுக்கும் உச்சவரம்பு உண்டு, 2019 திருத்தத்துக்குப் பிறகு அது 7 சதவீதம். பதிவில்லாத சீட்டு நின்றுபோனால் சொந்தம்தான் மிச்சம், அதுவும் மிஞ்சாது.

1990களில் நிதி நிறுவனங்கள் அடுத்தடுத்து மூடியதால்தான் முதலீட்டாளர் பாதுகாப்புக்கென்று 1997இல் தமிழ்நாடு தனிச்சட்டமே போட்டது. 2012இல் பெருந்துறைப் பக்கம், ஈமு கோழி வளர்ப்பில் லாபம் என்று பணம் வாங்கிய நிறுவனங்கள் கவிழ்ந்தன. ஒவ்வொரு முறையும் பணத்தை உள்ளே கொண்டுவந்தது விளம்பரம் மட்டும் இல்லை, "நம்ம மாமாவே போட்டிருக்காரு" என்ற வாக்கியமும்தான். மாமாவும் அதே வாக்கியத்தை இன்னொரு மாமாவிடம் கேட்டவர். வங்கியில் போட்டால் 2020 பிப்ரவரி முதல் ஒருவருக்கு ஒரு வங்கியில் வட்டியோடு சேர்த்து 5 லட்சம் வரை காப்பீடு உண்டு. மாமாவுக்கு அது கிடையாது.

"பணக்காரன்னாலே ஏதோ தப்பு பண்ணித்தான் வந்திருப்பான். நமக்கு அது வேண்டாம்."

இது கேள்வி இல்லை, ஆனாலும் அடிக்கடி வருவதால் சேர்த்தேன். அமெரிக்காவில் பிராட் கிளான்ட்ஸ் என்ற உளவியலாளரும் மற்றவர்களும் 2011இல் பணம் பற்றிய நினைப்புகளை நான்காகப் பிரித்தார்கள்: பணத்தைத் தவிர்ப்பது, பணத்தையே தெய்வமாக்குவது, பணத்தை அந்தஸ்தாக்குவது, பணத்தில் எச்சரிக்கையாக இருப்பது. நீங்கள் சொல்வது முதல் வகை. எனக்கு அந்தப் பிரிவினையில் முழு ஒப்புதல் இல்லை, நம்ம ஊரில் ஒரே ஆளிடம் நான்கும் இருக்கும். காலையில் "காசு கெடுக்கும்" என்பார், மாலையில் லாட்ஜ் வைத்திருக்கும் சம்பந்தியைப் பற்றிப் பெருமை பேசுவார்.

தவிர்ப்பது எங்கே வலிக்கிறது என்றால், கேட்க வேண்டிய இடத்தில். தையல் கூலி, டியூஷன் காசு, பாக்கிச் சம்பளம். "காசு காசுன்னு அலையறான்னு நினைப்பாங்க" என்று கேட்காமலே விடுவார்கள். கூலியைக் கேட்பது பேராசையில் சேராது. தொகையை வேலைக்கு முன்பே தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள், வாயால் கேட்கும் கூச்சம் பாதி குறையும்.

"நல்லதையே நினைச்சா பணம் தேடி வரும்னு வீடியோல சொல்றாங்களே?"

சொல்பவருக்கு வருகிறது, நீங்கள் பார்ப்பதால். கரும்பு விவசாயிகளைப் பற்றிச் சொன்னதை இன்னொரு முறை படியுங்கள்.

"இப்ப நல்ல சம்பளம். ஆனா செலவு பண்ணவே மனசு வரல. இதுவும் வியாதியா?"

வியாதி என்று நான் சொல்ல மாட்டேன். பசியைப் பார்த்தவர்கள் கடைசி வரை அரிசி மூட்டையை எண்ணுவார்கள். என் அப்பா பென்ஷன் வாங்கிய காலத்திலும் பல்செட் கட்ட மறுத்துக் கஞ்சி குடித்தே கழித்தார். பணம் இருந்தது. பாஸ்புக்கைத் தலையணைக்கு அடியில் வைத்திருந்தார். அவரைப் பொறுத்தவரை அது சேமிப்பு இல்லை, தூக்க மாத்திரை. எனக்கு அப்போது அது புரியவில்லை, நிறையச் சண்டை போட்டேன்.

இப்படிப்பட்டவர்களுக்குச் செலவு செய் என்றால் காதில் ஏறாது. ஆறு மாதச் செலவுக்கான தொகையைத் தனியாக வைப்பு நிதியில் போட்டு, "இது தொடக்கூடாத பணம்" என்று பெயர் வைத்துவிட்டால், மீதியைத் தொட மனம் கொஞ்சம் இடம் கொடுக்கிறது. உடம்புக்கும் பல்லுக்கும் முதலில்.

"தம்பி கடனுக்கு ஜாமீன் கையெழுத்துதான் கேக்கறான். கையெழுத்துதானே, காசு இல்லையே?"

காசுதான். 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ அவ்வளவு ஜாமீன்தாரருக்கும் உண்டு. முதலில் அவரிடம் கேட்டுவிட்டுத்தான் உங்களிடம் வர வேண்டும் என்ற கட்டாயம் வங்கிக்கு இல்லை. "கூடப் பிறந்தவனுக்கு மறுக்கக் கூடாது" என்ற நம்பிக்கையை நான் குறைத்துப் பேச மாட்டேன், வேறு பாதுகாப்பே இல்லாத காலத்தில் அண்ணன் தம்பிதான் காப்பீடு. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: இந்தத் தொகையை நானே கட்ட நேர்ந்தால் முடியுமா? முடியும் என்றால் போடுங்கள். முடியாது என்றால், அதில் பாதியோ கால்வாசியோ கையில் கொடுத்துவிடுங்கள், திரும்பி வராது என்று நினைத்தே. பல குடும்பங்களில் அந்தக் கால்வாசி உறவைக் காப்பாற்றியிருக்கிறது.

"எனக்குச் சேர்த்து வைக்கணும், அவருக்குச் செலவு பண்ணணும். தினம் சண்டை. யாரு சரி?"

அவர் எந்த வீட்டில் வளர்ந்தார் என்று கேட்டிருக்கிறீர்களா? ஒரு குழுவில் இதே புகாரைச் சொன்ன பெண், என் சொல்லைக் கேட்டுப் போய்க் கேட்டாள். மாமனார் ஒரு கடையில் ஏமாந்து, பத்தாண்டு சேர்த்த பணம் முழுவதும் போனதாம். அப்போது இவருக்குப் பன்னிரண்டு வயது. "சேர்த்து வெச்சா எவனோ தின்னுவான்" என்று அன்றைக்கு முடிவு பண்ணியவர். இவளுடைய அம்மா சிறுவாட்டில்தான் இவளைப் படிக்க வைத்தார். ஒருவருக்குச் சேமிப்பு ஏமாற்றம், இன்னொருவருக்கு அதுதான் பள்ளிக்கூடம்.

அவர்கள் சண்டை நிற்கவில்லை. மாதம் 1,500 ரூபாய் தனிநபர் யாரிடமும் போகாமல் அஞ்சலகத்தில் இருவர் பெயரிலும் போகிறது. பாஸ்புக் அவரிடம் இருக்கிறது, அவர் கேட்ட நிபந்தனை அது.